ராஜா சொன்ன சாரி

முன்னொரு காலத்தில், ராஜாக்களின் ஆசைக்குக் கடிவாளமே இல்லாத காலத்தில், ஒரு ராஜாவுக்கு ஓர் இங்கிலீஷ் சொல் பிடித்துப்போயிற்று. அரண்மனைக்கு வந்த வெள்ளைக்கார வியாபாரி கண்ணாடிக் குவளையைக் கை தவறி உடைத்துவிட்டு, "சாரி" என்றான். அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது. அடடா, என்ன சௌகரியம்! அன்று முதல் ராஜாவும் எடுத்ததற்கெல்லாம் சாரி சொல்லத் தொடங்கினார்.

வேட்டைக்குப் போன அவருடைய யானைகள், ஒச்சாயி என்ற குடியானவளின் கேழ்வரகுக் கொல்லையை அறுவடைக்கு முந்தின நாள் துவைத்துப் போட்டன. அவள் முறையிட வந்தாள். ராஜா பெரிய மனது பண்ணி, "சாரி" என்றார். சேவகர்கள் அவளை வெளியே தள்ளினார்கள்.

வாசலில் அரண்மனை விகடகவி தாண்டவராயனைப் பார்த்தாள். "சாமி, ராசா என்னமோ சொன்னாரே, அதை எந்த உலையில போடுறது? நாலு பிள்ளைக பசியோட கெடக்கு."

தாண்டவராயன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. உள்ளே போய் அவளுக்காகப் பேசினான். அவன்மேல் என்றைக்கும் காய்ந்துகொண்டிருந்த சங்குபாணிப் பண்டிதர் குறுக்கே விழுந்தார்.

"பிரபு, தங்கள் சொல் போதாதாம் இவனுக்கு! அந்தச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் நாளைக்குள் இவன் சொல்லட்டும். தவறினால் நாடு கடத்துங்கள்."

"சொல்கிறேன். வென்றால் ஒச்சாயிக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து ஒரு வருஷத் தானியம் தர வேண்டும்" என்றான் தாண்டவராயன். ராஜா தலையாட்டினார்.

வியாபாரிக்குப் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியிடம் போய் விசாரித்துவிட்டு, மறுநாள் அவன் சபைக்கு வந்தான். ராஜாவுக்குக் கால் பெருவிரலில் நகச்சுற்று. வணங்குவதுபோல் கிட்டே போய், அந்த விரலை ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

"ஐயோ!"

"சாரி, பிரபு."

"அடேய்! உயிர் போகிறது, சாரியாம் சாரி!"

"சொல்லியும் வலி போகவில்லையா? அவ்வளவுதான் பிரபு அதன் பொருள். பிறந்ததும் வலியில்தான் என்றார் துபாஷி. ஆதியில் நோவுபட்டவன் தன் வேதனையைச் சொன்ன சொல்லாம். பிற்பாடு மிதித்தவன் அதை எடுத்துக்கொண்டான். வலியை மட்டும் மிதிபட்டவனிடமே விட்டுவிட்டான்."

சேவகர்கள் அவனைப் பிடிக்க ஓடி வந்தார்கள். ராஜாவோ விரலைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பண்டிதரின் முகம் சுண்டிப்போயிற்று.

"பலே! இன்று முதல் உனக்குச் 'சொற்களஞ்சியம்' என்று பட்டம்!"

"ஒச்சாயிக்குத் தானியம், பிரபு?"

"அடடா! இருந்ததையெல்லாம் நேற்றே வியாபாரிக்கு விற்றுவிட்டேனே." ராஜா சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாரி."

வாசலில் ஒச்சாயி வெறுங்கூடையோடு காத்திருந்தாள். "செயிச்சுட்டீங்களாமே சாமி?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் தாண்டவராயனுக்கு, அவளிடம் சொல்ல அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சொன்னவனுக்கும் வலித்தது.

ஒச்சாயி கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள்.