சத்தமில்லாமல் இறக்கிய மூட்டை

ஞானாம்பிகை அம்மையின் மடத்தில் தினமும் நூறு பேருக்குச் சோறு. அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த வெயிலுமுத்துவுக்கோ ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் அரிசிக் குடோனில் மூட்டை தூக்கிய உடம்பு.

அவர் மனசில் ஒரே ஆசை. பங்குனி உத்திரத்தன்று முருகன் பல்லக்கின் முன் தண்டுக்குத் தோள் கொடுக்க வேண்டும். ரெண்டு பேர் தோள்தான் அந்தத் தண்டைத் தாங்கும். ரெண்டு வருஷமாகக் கேட்டார். அம்மை சிரித்துவிட்டுப் போய்விடுவாள். மூன்றாம் வருஷம், உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மறுபடி கேட்டார்.

"முன் தண்டை எனக்கு எப்பத் தருவீங்க அம்மா?"

களஞ்சியத்திலிருந்து ஒரு மூட்டை அரிசியை அடுக்களைக்குக் கொண்டுவரச் சொன்னாள் அம்மை.

இலை நறுக்கிக்கொண்டிருந்த சுடலை, ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம் என்று எழுந்து வந்தார். மடத்திலேயே குட்டையானவர் அவர்தான். அரைப்படிக்கெல்லாம் இங்கே என்ன வேலை என்று வெயிலுமுத்து அவரை ஓரங்கட்டினார். முருகா என்று ஒரே தூக்கு. விறுவிறுவென்று நடந்துபோய் அடுக்களையில் தொப்பென்று போட்டார். தட்டுகள் அதிர்ந்தன. குடோனில் யாரும் மூட்டையை இறக்குவதில்லை. தோளைச் சாய்ப்பார்கள், அது விழும்.

"தூக்கிட்டீங்க. இப்பச் சத்தம் கேட்காம இறக்குங்க அண்ணாச்சி," என்றாள் அம்மை.

இதென்ன பிரமாதம் என்று மறுபடி தோளில் ஏற்றினார். முழங்காலை மடக்கப் போனவருக்கு இடுப்பில் சுருக்கென்றது. பழைய பிடிப்பு. யாரிடமும் சொல்லாத பிடிப்பு. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தோளைச் சாய்த்தால் பாரம் போய்விடும். முன் தண்டும் போய்விடும்.

அம்மை பக்கத்தில்தான் நின்றாள். கை நீட்டவில்லை.

வேர்வை கண்ணில் இறங்கியது.

"சுடலை," என்றார் கடைசியில். "ஒரு கை குடும்வே."

சுடலை மூட்டையின் மறுபக்கத்தை ஏந்திக்கொண்டார். பாதிப் பாரம் போனதும் முழங்கால் மடங்கியது. ரெண்டு பேரும் ஒருசேரக் குந்தினார்கள். மூட்டை தரையைத் தொட்டது யார் காதிலும் விழவில்லை.

அரைப்படி நல்லா அளக்கும்வே என்றார் சுடலை. வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

"இந்த வருஷமும் இல்லைதானே அம்மா?"

"முதல்ல வைத்தியர்ட்ட இடுப்பைக் காட்டுங்க. குணமாகட்டும். ஆடிக் கிருத்திகைக்கு முன் தண்டுல நீங்களும் சுடலை அண்ணாச்சியும்."

அவர் சுடலையை ஏற இறங்கப் பார்த்தார். தன் தோளுக்கு ஒரு சாண் கீழே இருந்தது சுடலையின் தோள்.

"அவர் தோள்ல துணியை மடிச்சுச் சும்மாடு நீங்கதான் சுத்தணும்," என்றாள் அம்மை. "அது உங்க தோள் உசரத்துக்கு வர்ற வரைக்கும்."