ஒரு சொட்டும் எல்லை தாண்டக்கூடாது

வெண்பாறை சமஸ்தானத்து ராஜா உதயகேசரி மலையாற்றின் குறுக்கே ஓர் அணை கட்டியிருந்தார். அணைத் தண்ணீர் அடிவாரத்தில் சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் தரும். அந்த மின்சாரத்தில் ராஜாவின் தலைக்கு மேல் விசிறி ஓடும். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் அரை நாழிகைகூட அவரால் தாங்க முடியாது. அவ்வளவு தேகம்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர் எல்லை தாண்டித் தாழைநாட்டு வயல்களுக்குப் போய்விடும். அங்கே நெல் பால்பிடித்திருந்த நேரத்தில், அந்நாட்டு அரசர் தம் மகள் கல்யாணத்தில் உதயகேசரியை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். ஊர் திரும்பிய ராஜா, இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் எல்லை தாண்டக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

நிறைவேற்றும் பொறுப்பைத் திவான் சேஷகிரி, சபை விகடகவி பொன்னரங்கனின் தலையில் கட்டினார். சபையில் பொன்னரங்கனுக்குக் கொஞ்சம் வாய் அதிகம். அந்த வாயை ஊரைவிட்டே அனுப்ப வேண்டும் என்பது திவானின் நெடுநாள் ஆசை. தண்ணீர் தாண்டினால் நாடுகடத்தல் என்று தாமாகவே ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

பால்பிடித்த நெல்லை நினைத்துப் பொன்னரங்கனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் மறுபேச்சில்லாமல் மதகுகளை மூடச் சொன்னார். சக்கரம் நின்றது. அரண்மனையில் விசிறியும் நின்றது.

மதியத்துக்குள் ராஜா தொப்பலாக நனைந்துவிட்டார். பொன்னரங்கனைக் கூப்பிட்டு, விசிறி ஓட வேண்டும், தண்ணீர் மட்டும் போகக்கூடாது என்றார். திவான் திருப்தியாகத் தலையாட்டினார்.

சுற்றிய தண்ணீரைக் குடத்தில் மொண்டு மறுபடி மலையேற்ற நாற்பதாயிரம் பேர் வேண்டும், நம்மிடம் திவானையும் சேர்த்தே ஒன்பதாயிரம் பேர்தான் என்றார் பொன்னரங்கன்.

"அப்போ என் தண்ணீரை அவன் அனுபவிக்கிறதா, ஓய்?"

"அது தண்ணீரா, மகாராஜா? உங்கள் விசிறி வேண்டியதை எடுத்துக்கொண்டு துப்பிய எச்சில். அதில் விளைந்த சோற்றைத்தான் அவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்."

முதலில் ராஜாவின் தொந்தி குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. மதகுகளைத் திறக்கச் சொல்லி ஆள் ஓடியது. விசிறி ஓடத் தொடங்கியதும் ராஜா பேனாவை எடுத்தார். இதை உடனே அந்தத் தாழைநாட்டானுக்கு எழுதியாக வேண்டும் என்றார்.

"தாராளமாக எழுதலாம்," என்றார் பொன்னரங்கன். "ரோஷத்தில் அவர் எல்லையில் கரை எழுப்பிவிடுவார். தண்ணீர் தேங்கித் திரும்பி நம் சக்கரத்தை மூழ்கடிக்கும். பிறகு பனையோலை விசிறிதான்."

ராஜா பேனாவை மூடினார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னரங்கனுக்குப் போட்டார். எச்சில் விஷயம் வெளியே போனால் உமக்கு நாடுகடத்தல் என்று திவானிடம் சொன்னார்.