ஆளுக்கு ஒரு சக்கரம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் அந்த நாலு பேர் காதிலும் விழுந்துவிடும். விழுந்தாலும் கோபிக்க மாட்டார்கள், அதுதான் தொந்தரவு. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு அவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மலையடிவாரத்தில் சுண்டக்காப்பட்டி. அங்கே நாலு பேருக்குச் சேர்ந்து ஒரு கிணறு. ஒச்சப்பன், அவன் தம்பி பின்னாண்டி, அவர்கள் சித்தப்பன் மகன் தவசி, ஒச்சப்பனின் மச்சான் வீரணன். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள், ஆளுக்கு ஒரு நாள். கிணற்றின் நாலு மூலையும் ஆளுக்கு ஒன்று. தவசியின் மூலையில் தவளை கத்தினால் தவசிதான் போய் அதட்ட வேண்டும். வேறு யாராவது அதட்டினால் பஞ்சாயத்து வந்துவிடும்.

நாலு பேரில் வீரணன்தான் அறிவாளி. நான் சொல்லவில்லை, மற்ற மூணு பேரும் சொன்னது. ஒருதடவை மழையில் நனைந்த குடையை வெயிலில் காயவைத்தான். வெயிலில் குடை வெளுத்துவிடுமே என்று அதற்கு மேலே இன்னொரு குடையைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை நின்றான். அன்றைக்கு முடிவு பண்ணினதுதான்.

நாலு பேருக்கும் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி நூல்மில்லில் வேலை. மினிபஸ் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சங்கடம் ஒச்சப்பன் மகள் மாயக்காவின் தலைமுடி.

பிள்ளைக்கு நாலு வயது முடிந்து அஞ்சு நடக்கிறது. பிறந்த முடியைக் குலசாமி ஆனைக்கல் கருப்பு கோயிலில்தான் இறக்க வேண்டும். கோயிலோ மலைமேலே. ஆறு கிலோமீட்டர் பாதை, பாதி சேறு, பாதி பாறை. மூணு வருஷமாக வாடகைக் கார் பிடித்துப் போவதும், பாதியில் கார் வழுக்கிப் பின்னால் வருவதும், இவர்களும் கூடவே வருவதுமாக இருந்தது. அதற்குள் பிள்ளைக்கு முடி இடுப்பு வரைக்கும் வளர்ந்து, சீப்பு உள்ளே போனால் திரும்பி வருவதில்லை.

ஒச்சப்பன் பெண்டாட்டி பவுன்தாயி ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"இந்தா பாரு, வைகாசி கடைசி வெள்ளிக்குள்ள என் பிள்ளைக்கு முடி இறக்கியாகணும். ஆனியில பள்ளிக்கூடத்துல சேக்கணும். நடக்கலைன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

ஒச்சப்பன் நடுங்கிப்போனான். அவனைவிட வீரணன் அதிகமாக நடுங்கினான். அவள் ஆத்தா வீட்டில் இருப்பது வீரணன்தானே.

மில்லில் மிஷின் பார்க்கிற ராயப்பனிடம் யோசனை கேட்டார்கள். அவர் நல்ல மனுஷர். "சொந்தமா ஒரு வண்டி வாங்குங்க. தினம் மில்லுக்கு வரணும், அதனால பெட்ரோல் கம்மியா குடிக்கணும். மலை ஏறணும், அதனால நாலு சக்கரமும் இழுக்கணும். இது ரெண்டும் இருக்கான்னு நல்லாப் பாத்து வாங்குங்க" என்றார்.

அந்த வருஷம் கடலை நன்றாக விளைந்திருந்தது. கிணறு மாதிரியே வண்டியும் பொது என்று பேசி முடித்தார்கள். ஆளுக்கு ஒரு சக்கரம். முன்னால் இரண்டும் வீரணனுக்கும் ஒச்சப்பனுக்கும், பின்னால் இரண்டும் பின்னாண்டிக்கும் தவசிக்கும். மாற்றுச் சக்கரம் பிள்ளை மாயக்காவுக்கு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பெட்ரோல், முறைக்காரன் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் ஒரு சொட்டுகூடக் கூடாது. கிணற்றுத் தண்ணீருக்கே அளவு வைத்தவர்கள், பெட்ரோலுக்கு வைக்கமாட்டார்களா?

டவுனில் கார் விற்கிற கடையில் டை கட்டின தம்பி ஒருவர் வரவேற்றார். முதலில் ஒரு சின்ன வண்டியைக் காட்டினார்.

"லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுக்கும் சார்."

"நாலு சக்கரமும் இழுக்குமா தம்பி?" என்றான் வீரணன்.

"இல்லைங்க சார், முன்னாடி ரெண்டுதான் இழுக்கும்."

"அப்ப பின்னாடி ரெண்டும்?"

"அது சும்மா கூட வரும்."

பின்னாண்டி முகம் சுண்டிப்போனது. தவசி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான்.

"ஏன் தம்பி, நாங்க என்ன சும்மா கூட வர்றவங்களா? நாங்களும் கடலை போட்டவங்கதான்."

"சார், நான் சக்கரத்தைச் சொன்னேன்."

"நானும் என் சக்கரத்தைத்தான் சொல்றேன்!"

பின்னாண்டி பின் சக்கரத்துக்கு நேரே தரையில் குந்திக்கொண்டு வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னான். "பின் சக்கரமும் சுத்தத்தானடா செய்யுது?" என்றான்.

"சுத்தினா? உன் மாமனாரும்தான் நாள் பூரா ஊரைச் சுத்துறாரு. என்னைக்காவது ஒரு வேலை பாத்திருக்காரா?" என்றான் தவசி. சின்ன வண்டி தள்ளுபடி ஆனது.

அடுத்தது ஒரு பெரிய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும், ஆனால் லிட்டருக்கு எட்டுதான்.

"எட்டாவது கிலோமீட்டர்ல என்னடா இருக்கு?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"ஒரு புளியமரம்" என்றான் தவசி.

"ஒரு லிட்டருக்குப் புளியமரம் வரைக்கும்தான் வரும். மில்லை அங்கிட்டு மாத்தச் சொல்லிப் பாக்கலாமா?"

வீரணன் கண்ணை மூடி யோசித்தான். "மொதலாளி ஒத்துக்கமாட்டாரு மாப்ள. அங்க நிழல் பத்தாது."

மூணாவது வண்டி நடுத்தரம். நாலு சக்கரமும் இழுக்கும், லிட்டருக்குப் பதினெட்டு. மில்லும் பதினெட்டு! நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். திரும்பி வருவதற்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. முதல்நாள் சாயங்காலம் மில் வாசலிலிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தபோதும் கேட்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் நின்று சமமாகத் தள்ளினார்கள், அதில் ஒரு குறையும் கிடையாது.

சாவி கொடுக்கும்போது டை கட்டின தம்பி ஒரு வார்த்தை சொன்னார். "வண்டியில பாரத்தைக் குறைங்க சார், மைலேஜ் தன்னால கூடும்."

அதை நாலு பேரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

வைகாசிக் கடைசி வெள்ளி வந்தது. பூசாரி உச்சி வேளைக்குப் பூசை முடித்து மலை இறங்கிவிடுவார். அதற்குள் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து முடி இறக்கி, சந்தனம் பூசி, காதும் குத்திவிட வேண்டும். தாய்மாமன் வீரணன்தான். டிராக்டர் ஓட்டின பழக்கத்தில் காரை ஓட்டினவனும் அவன்தான்.

அடிவாரத்தில் ஒரு லிட்டர் ஊற்றிக் கிளம்பினார்கள். மேடு தொடங்கியதும் பெட்ரோல் முள் லேசாக அசைந்தது.

"பாரம்!" என்றான் வீரணன்.

அரிசி மூட்டையை இறக்கி ஒச்சப்பன் தலையில் வைத்தார்கள். ஒச்சப்பன் மூட்டையைச் சுமந்துகொண்டு மறுபடி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான்.

"இப்ப மூட்டை வண்டி மேல இல்லை, என் மேலதான இருக்கு?"

முள் மறுபடி அசைந்தது. ஒச்சப்பன் மூட்டையோடு இறங்கினான். அண்டாவோடு பின்னாண்டி இறங்கினான். சேவலோடு தவசி இறங்கினான். மூணு பேரும் தங்கள் தங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடினார்கள். வண்டி சேற்றிலும் பாறையிலும் ஆடு மாதிரி ஏறியது. வீரணனுக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனாலும் மனசு உறுத்தியது.

"நம்ம நாலு பேர்ல அதிக எடை நான்தான். நான் உக்காந்திருக்கிறது நியாயமா?" என்று சொல்லி வண்டியை நிறுத்தி அவனும் இறங்கிவிட்டான்.

வண்டி நகரவில்லை. நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"பாரத்தைக் குறைச்சா நல்லா போகும்னானே அந்தத் தம்பி?"

"பின்னால தங்கச்சி உக்காந்திருக்கில்ல. அதுவும் பாரந்தானே" என்றான் வீரணன்.

பவுன்தாயிக்கு அப்போதே பாதி உயிர் போய்விட்டது. வெயிலோ உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அவளும் ஆத்தா வீட்டில் டிராக்டர் ஓட்டினவள்தான். முன் இருக்கைக்கு மாறினாள், பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள், வண்டியை எடுத்துவிட்டாள்.

"பாத்தியா, நான் இறங்கினதும் எப்படிப் போகுது!" என்றான் வீரணன். நாலு பேரும் கைதட்டினார்கள். வண்டி வளைவில் மறைந்தபிறகுதான் ஒச்சப்பனுக்கு உறைத்தது.

"மச்சான், தாய்மாமன் இல்லாம முடி எப்படி இறக்குறது?"

"ஆமா, யாருடா தாய்மாமன்?"

"நீதான் மச்சான்!"

ஓட்டம் பிடித்தார்கள். அண்டா ஒருபக்கம் உருள, சேவல் ஒருபக்கம் கூவ, மூட்டையிலிருந்து அரிசி வழியெல்லாம் சிந்த, ஓடினார்கள். மேலே பவுன்தாயி பூசாரியின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சாமி, இன்னும் ஒரு நிமிஷம். எங்க அண்ணன் வந்துரும். புத்தி இல்லைன்னாலும் கால் இருக்கு."

அந்த நிமிஷத்திலேயே வீரணன் வந்து விழுந்தான். விழுந்த இடத்திலேயே மடியை விரித்தான். மாயக்காவை உட்காரவைத்தார்கள். நாலு வருஷத்து முடி கூடை நிறைய இறங்கியது. தலை நிறையச் சந்தனம். பிறகு காது குத்து. பிள்ளை ஊரே கேட்கிறமாதிரி அலறியது.

"காது குத்தினா பிள்ளை அழத்தான் செய்யும்" என்று மிட்டாயைக் கையில் கொடுத்தான் வீரணன். பவுன்தாயியும் அழுதாள், அது வேறு அழுகை. ஒச்சப்பனுக்குப் பெண்டாட்டி வீட்டிலேயே இருப்பாள் என்று உறுதியானது. கதையை இங்கே நிறுத்தியிருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும்.

இறங்கும்போது களைப்பில் ஒருத்தனாலும் நடக்க முடியவில்லை. ஆறு பேரும், அண்டாவும், மீதி அரிசியும் வண்டிக்குள்ளே. அடிவாரம் வந்தபோது வீரணன் முள்ளைப் பார்த்தான். மலைமேலே கிளம்பும்போது நின்ற இடத்திலேயே அது நின்றது.

"டேய், ஏறும்போது நாம நாலு பேரும் உள்ளே இல்லை, அப்பவும் குடிச்சுது. இறங்கும்போது ஆறு பேரும் உள்ளே இருக்கோம், குடிக்கவே இல்லை. எது குறைஞ்சுச்சு?"

வெகுநேரம் யோசித்தார்கள். நாலு பேர் கண்ணும் ஒரே நேரத்தில் மாயக்காவின் தலைக்குப் போனது.

"முடி!"

மறுநாளே நாலு பேரும் மொட்டை. மீசையும் கிடையாது. பவுன்தாயி தலையைச் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டு, கையில் விளக்குமாறோடு உட்கார்ந்திருந்தாள், அதனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மொட்டையோடு மில்லுக்குப் போனார்கள். லிட்டருக்கு அதே பதினெட்டு. மூணு பேருக்கும் அழுகையே வந்துவிட்டது. வீரணன் மட்டும் அசரவில்லை. சாயங்காலம் தள்ளிக்கொண்டு வந்ததும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், குனிந்தான், கையால் தடவிப் பார்த்தான். புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, பார்த்திருப்பீர்கள்.

"அட, இதுகளுக்கும் பிறந்த முடி இறக்கவே இல்லையேடா!"

மறுநாள் காலையில் வண்டி நாலு கல் மேல் நின்றது. சக்கரங்களைக் கழற்றிக் கழுவி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். சக்கரத்துக்குத் தாய்மாமன் யார் என்று ஒரு பேச்சு வந்தது.

"வண்டியை வித்த தம்பிதான?" என்றான் பின்னாண்டி.

"அவரு டை கட்டினவரு, தரையில உக்காரமாட்டாரு. நானே பாத்துக்கிறேன்" என்றான் வீரணன்.

மில் சங்கு எட்டு மணிக்கு ஊதியிருக்கும், யாருக்கும் கேட்கவில்லை. வீரணன் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரமாக மடியில் வாங்கி, ஒரு முடி விடாமல் சவரக்கத்தியால் இறக்கினான். வழவழவென்று நாலுக்கும் சந்தனம் பூசினான். பிறகு தாய்மாமன் முறையில் பாக்கி இருந்தது நினைவுக்கு வர, சாக்குத் தைக்கிற கோணூசியை எடுத்து முதல் சக்கரத்துக்குக் காது குத்தினான்.

சக்கரம் வீல் என்று நீளமாக அழுதது.

"காது குத்தினா பிள்ளை அழத்தான் செய்யும்" என்று ஒரு மிட்டாயை அதன் மேல் வைத்துவிட்டு, வீரணன் அடுத்ததை மடியில் வாங்கினான்.