ஏழுமலையின் கழித்தல் கணக்கு

"செத்துப்போன பிள்ளையைப் பத்தி அதோட அம்மாகிட்ட என்ன சொல்றது, டீச்சர்?"

தணிகாசலம் இதைக் கேட்டபோது, தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சர் பள்ளிக்கூட மணிக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

வயதில் தணிகாசலம்தான் பெரியவர். பல ஊர் பார்த்த வாத்தியார். ஆனாலும் ஒன்று பிடிபடாமல் போனால் அவர் வந்து நிற்பது ஜெசிந்தா டீச்சர் முன்னால்தான். டீச்சர் அதிகம் பேசமாட்டார். பேசாமல் இருப்பதே சிலநேரம் போதுமானதாக இருக்கும்.

"எந்தப் பிள்ளை?"

"ஏழுமலை."

"எந்த வகுப்பு?"

"மூணாம் வகுப்பு."

"மூணாம் வகுப்பு வாத்தியார் யாரு, சார்?"

மூணாம் வகுப்பு வாத்தியார் தணிகாசலம்தான்.

அது கல்லுடைக்கிற ஊர். குவாரியில் பாதிப் பேர், ஜல்லி அரைக்கிற கிரஷரில் பாதிப் பேர். ஏழுமலை அரையாண்டுப் பரீட்சையை எழுதி முடித்தான். லீவில் ஆடு ஓட்டிக்கொண்டு போனான். கைவிட்ட குவாரிப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. குட்டி ஒன்று சரிந்தது. பிடிக்கப் போனவனும் சரிந்தான்.

குட்டி எப்படியோ ஏறி வந்துவிட்டது. அவனை மறுநாள்தான் எடுத்தார்கள்.

பள்ளி திறந்து, பரீட்சைத் தாள் திருத்தி, இன்று பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று வகுப்பு வாத்தியார் சொல்ல வேண்டும். மூணாம் வகுப்பு வராந்தாவில் வரிசை நின்றது. அந்த வரிசையில் ஏழுமலையின் அம்மா பச்சையம்மாவும் நின்றாள். கிரஷரிலிருந்து நேரே வந்திருந்தாள். புருவமெல்லாம் கல்தூசு.

"நாம யாரும் கூப்பிடலை, டீச்சர். அவங்களா வந்து நிக்கிறாங்க. உங்க ரூமுக்குக் கூப்பிட்டு ஆறுதலா நாலு வார்த்தை பேசி அனுப்பிடுங்களேன்."

"ஆறுதலுக்கா வந்திருக்காங்க?"

"வேற எதுக்கு?"

"மத்தவங்கல்லாம் எதுக்கு வந்திருக்காங்க?"

"பிள்ளைங்க எப்படிப் படிக்குதுன்னு கேட்க."

டீச்சர் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். முடிச்சு தாங்கியது.

பிறகு மூணாம் வகுப்புக்குள் போனார். தணிகாசலம் பின்னாலேயே போனார். டீச்சர் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தார்.

"நான்தான் பச்சையம்மா. எம்புள்ள எப்படி சார் படிக்குது?"

"டீச்சர், விளையாடாதீங்க."

"எப்படிப் படிக்குது, சார்?"

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தமிழ் பரவாயில்ல. கணக்கு சுமார். இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்."

"நான் ஏழுமலையைக் கேட்டேன்."

"அவனைத்தான் சொல்றேன்."

"நீங்க சொன்னதுல அவன் இன்னும் வரலியே, சார்."

டீச்சர் காத்திருந்தார். தணிகாசலம் காலி பெஞ்சுகளைப் பார்த்தார். ஜன்னலோரம் மூணாவது பெஞ்சு. இல்லை, அங்கே உட்காருவது வேறொருவன். ஏழுமலையின் முகத்தை நினைக்கப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் இருந்த முகம்தான் வந்தது. போட்டோக்காரன் வெளுப்பாக்கி, கழுத்தில் மாலை ஒட்டிவைத்த முகம்.

வேறு முகம் வரவில்லை.

டீச்சர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

தணிகாசலத்துக்கு எரிச்சலாக இருந்தது. இந்த அம்மாளிடம் எப்போது கேட்டாலும் இப்படித்தான், கேட்டவன் தலையிலேயே கட்டிவிட்டுப் போய்விடுவார்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நன்றாகச் சொல்லிவிடுவது. முதல் பையன் என்று சொல்லிவிடுவது. இதைப் போய் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? பெற்றவள் வயிறு கொஞ்சமாவது குளிரட்டும்.

"ஒவ்வொருத்தரா வாங்க."

ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்தார். அவர்கள் நின்றார்கள்.

"தமிழ் பரவாயில்ல. கணக்கு சுமார். இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்."

"சரிங்க சார்."

"தமிழ் பரவாயில்ல. கணக்குதான் கொஞ்சம்... வீட்டுல உட்காரவெச்சுச் சொல்லிக் குடுங்க."

"நாங்க எங்க சார் படிச்சோம்? நீங்கதான் பாத்துக்கணும்."

பச்சையம்மாவின் முறை வந்தது. அவள் ஒதுங்கிக்கொண்டு பின்னால் நின்றவளைப் பார்த்தாள். "நீ போம்மா. நான் கடைசியில பாக்கறேன்." அவளைத் தாண்டிப் போனவர்கள் அவள்மேல் படாமல் தாண்டினார்கள். ஒருத்தி தன் மகளை மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

இப்படியே எல்லாரையும் முன்னே விட்டாள். வாசல்படி ஓரத்தில் நின்றபடி, எல்லாருக்கும் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

லாரி டிரைவர் ஒருவன், "கவனம் பத்தல" என்று காதில் விழுந்ததும் பக்கத்தில் நின்ற மகனின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தான். பையன் மேஜை விளிம்பில் போய் மோதினான். பச்சையம்மா அந்தக் கையையே பார்த்தாள். டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

வராந்தா காலியானது.

"வாங்கம்மா."

அவள் வந்து மேஜைக்கு எதிரே நின்றாள்.

"ஏழுமலை ரொம்ப நல்ல பிள்ளைம்மா. வகுப்புலயே அவன்தான் முதல். தமிழ் கணீர்னு வாசிப்பான். கணக்குல புலி. இப்படி ஒரு பிள்ளையை நான் இத்தனை வருஷத்துல பாத்ததில்ல."

அவள் முழுக்கக் கேட்டாள்.

"யாரைச் சொல்றீங்க, சார்?"

"ஏழுமலையைத்தாம்மா."

"இது எம்புள்ள இல்ல, சார்."

அவள் குரலில் கோபம் இல்லை. விலாசம் தப்பி வந்துவிட்டவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவன் வாசிச்சா பாதி எழுத்தை முழுங்கிடுவான். கணக்குன்னா வயித்தை வலிக்குதும்பான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

தணிகாசலம் பேனாவின் மூடியைத் திறந்தார். மூடினார்.

"வீட்டுல இருந்த ஏழுமலை எங்கிட்ட இருக்கான், சார். காலையில வந்து பொழுது சாயற வரைக்கும் இங்கதானே இருந்தான்? இங்க இருந்தவனை எனக்குத் தெரியாது. அவனை நீங்கதான் குடுக்கணும். அதுக்குத்தான் அரைநாள் லீவு சொல்லிட்டு வந்தேன்."

வெளியே ஜல்லி லாரி ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பொய் இனி எடுபடாது. நிஜம் என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. மடியில் கைவிட்டுத் துழாவுகிறவனைப்போல அவர் அந்த ஏழெட்டு மாதங்களையும் துழாவினார். ஒரு குரல்கூட அகப்படவில்லை.

அப்புறம் ஒன்று அகப்பட்டது. சின்னதுதான்.

"ஒருநாள் போர்டுல கணக்குப் போடக் கூப்பிட்டேம்மா. கழித்தல் கணக்கு. ஐம்பத்திரண்டுல இருபத்தேழு போனா எவ்வளவுன்னு."

"ம்."

"முப்பத்தஞ்சுன்னு போட்டான்."

"தப்பா, சார்?"

"தப்பு. மேல ரெண்டு இருக்கு, கீழ ஏழு இருக்கு. ரெண்டுல ஏழு போகாது. இவன் தலைகீழா ஏழுலேர்ந்து ரெண்டை எடுத்துட்டான். ஏன்டா இப்படிப் போட்டேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவருக்கு இப்போது குரலும் வந்தது. கீச்சென்று, மூக்கடைத்த மாதிரி ஒரு குரல்.

"'கீழதான் சார் நிறைய இருக்கு. நிறைய இருக்கிற இடத்துலேர்ந்துதானே எடுக்க முடியும்'னான்."

பச்சையம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"வகுப்பே சிரிச்சுதும்மா. நானும் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"தலையில குட்டினேன்."

"அழுதானா?"

"இல்ல. அவனும் சிரிச்சான்."

"ஆமா சார். அடிச்சா சிரிப்பான். அவங்கப்பாவுக்கு அதுலதான் இன்னும் கோவம் வரும்." அவள் முகத்தில் தூசுக்கு அடியில் ஏதோ அசைந்தது. "இதுதான் சார் எம்புள்ள. சொல்லுங்க. அப்புறம்?"

"அப்புறம்... போய் உட்காருன்னேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அரையாண்டுப் பரீட்சையிலயும் அப்படியே போட்டிருந்தான். எல்லாக் கழித்தலும் தலைகீழ்."

அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

"அவன் சொன்னது நியாயமாத்தானே சார் இருக்கு? இல்லாத இடத்துலேர்ந்து எப்படி எடுக்கறது?"

"எடுக்கலாம்மா. அதுக்கு ஒரு வழி இருக்கு."

"என்ன வழி?"

சொல்லிப் பார்த்தார். பத்தாம் இடம், ஒன்றாம் இடம் என்றார். அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே தான் சொல்வது புரியாததுபோல இருந்தது.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பிள்ளைகள் எண்ணிப் பழகுவதற்கான குச்சிகள் அடித்தட்டில் கிடந்தன. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியவை. வெகுநாளாக யாரும் எடுக்காததால் ரப்பர் குச்சியோடு ஒட்டிப் போயிருந்தது.

மேஜையில் வைத்தால் உருண்டுவிடும். தரையில் உட்கார்ந்தார். பச்சையம்மாவும் எதிரே உட்கார்ந்தாள்.

அஞ்சு கட்டு வைத்தார். பக்கத்தில் ரெண்டு உதிரிக் குச்சி வைத்தார்.

"இது ஐம்பத்திரண்டு. இதுலேர்ந்து இருபத்தேழு எடுக்கணும். முதல்ல ஏழு குச்சி எடுங்க."

அவள் அந்த ரெண்டு குச்சியைப் பார்த்தாள்.

"ரெண்டுதானே சார் இருக்கு?"

வழக்கமாக இந்த இடத்தில் அவர் குரலை உயர்த்துவார். இன்று சும்மா இருந்தார். வாசலில் ஜெசிந்தா டீச்சர் வந்து நிற்பது தெரிந்தது. அவரும் சும்மா நின்றார்.

பச்சையம்மா குச்சிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரெண்டையும் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள். கட்டுகளைப் பார்த்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

கல் பொறுக்கித் தேய்ந்த விரல்கள் ஒரு கட்டை எடுத்தன. ரப்பரை இழுத்தாள். இற்றுப்போயிருந்த ரப்பர் பட்டென்று அறுந்தது. பத்துக் குச்சியும் தரையில் உதிர்ந்தன.

அவற்றை ரெண்டோடு சேர்த்து வைத்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டு ஏழு குச்சியை எடுத்துத் தனியே வைத்தாள்.

"இன்னும் இருபது, இல்ல சார்?"

"ஆமாம்மா."

ரெண்டு கட்டை எடுத்து அந்த ஏழோடு வைத்தாள். மிச்சத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு கட்டு இருக்கு. உதிரி அஞ்சு."

"எவ்வளவு?"

"இருபத்தஞ்சு."

"சரிம்மா. அதுதான் விடை."

அவள் மிச்சக் குச்சிகளை ஒருதரம் தொட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அதே அளவுதான் வந்தது.

"கட்டை அவுத்தா வந்துடுது."

"ஆமாம்மா."

"பள்ளிக்கூடத்துப் பக்கமே வராத எனக்கு, உட்கார்ந்த இடத்துல வந்துடுச்சு, சார்."

அவர் தலையை ஆட்டினார்.

பச்சையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவனுக்கும் வந்திருக்கும்," என்றாள்.