தன்னைத்தானே சோதித்துக்கொண்ட ஆறு பெட்டிகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அமலோற்பவம் என்ற இன்ஜினியர் அம்மா ஒரு சின்ன ஷெட்டில் ஆம்ப்ளிஃபையர் செய்துவந்தார். பஸ் நிலையத்தில் வண்டி புறப்படுகிறது என்று ஒலிபெருக்கி அலறுகிறதே, அந்தக் குரலைப் பெரிதாக்கும் பெட்டி. வேலைக்கு மூன்று பேர்: வேலப்பன், இருதயராஜ், சக்கரபாணி. சொன்ன சொல் தட்டமாட்டார்கள். சிக்கலே அதுதான்.

மதுரைக்கு ஆறு பெட்டி அன்று சாயங்காலம் லாரியில் ஏற வேண்டும். தவறினால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். அன்றைக்கென்று பார்த்து அம்மாவின் தங்கைக்கு அரக்கோணத்தில் நிச்சயதார்த்தம். கிளம்பும்போது பொறுமையாகச் சொன்னார்: "பட்டனை அழுத்தினா பெட்டி உள்ளுக்குள்ளயே ஒரு சின்னச் சத்தத்தை உண்டாக்கி, அது சரியாப் பெருசாகுதான்னு தன்னைத்தானே சோதிச்சுக்கும். பச்சை எரிஞ்சா பேக் பண்ணுங்க. சிவப்பு எரிஞ்சா தனியா வைங்க."

முதல் பெட்டியிலேயே சிவப்பு. ஸ்டோர் ரூமில் தனியாக வைத்தார்கள். இரண்டாவதும் சிவப்பு. அதையும் அங்கேயே வைத்தால் ஜோடியாகிவிடும் என்றார் சக்கரபாணி. மற்ற இருவருக்கும் நியாயமாகப் பட்டது. டாய்லெட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஆள் உள்ளே போனால் பெட்டி தனியாக இருக்காது என்பதால், அன்று முழுக்க அவசரத்துக்குப் பக்கத்து ஷெட்டுக்கு ஓடினார்கள்.

மீதி நான்கும் பச்சை. பேக் பண்ணுவதற்காக வேலப்பன் பிளக்கைப் பிடுங்கினார். விளக்கு அணைந்துவிட்டது.

மூவரும் குனிந்து அணைந்த விளக்கை உற்றுப் பார்த்தார்கள்.

"இப்ப பச்சை எரியல," என்றார் இருதயராஜ். "எரியாததை எப்படிப் பேக் பண்றது?"

"எரிய எரியத்தான் பண்ணணும்," என்றார் சக்கரபாணி.

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வயரை வெளியே விட்டார்கள். உள்ளே விளக்கு எரிகிறதா என்று எட்டிப்பார்க்க இன்னொரு ஓட்டை. லாரி வந்ததும் எட்டு ஷெட்டில் எக்ஸ்டென்ஷன் வயர் இரவல் வாங்கி ஒன்றோடொன்று மாட்டினார்கள். லாரி மெதுவாக நகர, வேலப்பன் வயரை விட்டுக்கொண்டே பின்னால் நடந்தார்.

எஸ்டேட் கேட்டில் வயர் தீர்ந்தது. லாரியை நிறுத்தினார்கள். டிரைவர் இறங்கி வந்து வயரைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார், பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூவரும் கூடிப் பேசினார்கள். பிறகு இருதயராஜ் மதுரைக்காரருக்குப் போன் போட்டு, மரியாதையாகச் சொன்னார்:

"ஐயா, எங்க பங்குக்குக் கேட் வரைக்கும் வயர் போட்டாச்சுங்க. மீதியை அங்கிருந்து நீங்க இழுத்துட்டு வந்தீங்கன்னா, லாரி கிளம்பிடும்."