ஆல்டெர்வீன் கல்லறை மேட்டில் வீப்கே அம்மையார்

ஒல்லாந்து தேசத்தின் வடகோடியில், பதினோரு வீடுகளே கொண்ட ஆல்டெர்வீன் என்னும் குக்கிராமத்தில் வீப்கே அம்மையார் வாழ்ந்தார். அவ்வூர் மண் கறுப்பு மண். வெட்டிக் காயவைத்தால் விறகாய் எரியும். நகரத்து அடுப்புகளுக்கு அதை அள்ளிக் கொடுப்பதே ஊராரின் பிழைப்பு. அம்மையார் முழங்கால் மட்டும் குளிர்ந்த நீரில் நின்று, நீண்ட கழியில் கட்டிய வலையால் அடிச்சேற்றை வாரிக் கரையில் கொட்டுவார். அதற்கு முன்பு, விடிந்ததும் ஊர்க்கோவிலைப் பெருக்கி, மண்டியிட்டு, அன்றைய நாளை ஆண்டவரிடம் ஒப்படைப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. செபம் தெரியும்.

வெட்டிய இடமெல்லாம் குளமாயிற்று. குளங்களுக்கு நடுவே விட்டுவைத்த வரப்புகளில்தான் ஊரார் நடமாடினார்கள். நிலம் முழுவதற்கும் உடையவரான ரூலோஃப் அந்த வரப்புகளையும் சுரண்டச் சொன்னார். இருபதடி அகலம் பத்தாயிற்று, பத்து நான்காயிற்று. ஒரு மார்ச் மாதக் காற்றில் அந்த நான்கடியும் சரிந்தது. அதன்மேல் மண் சுமந்து போன அம்மையாரின் கணவர் யெல்லே சேற்றில் அமிழ்ந்து மாண்டார்.

கோவில் மூப்பரும் அதே ரூலோஃப்தான். அடக்கத்தன்று அவர் எழுந்து, இது ஆண்டவரின் சித்தம், முறுமுறுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அம்மையார் எழுந்து நின்றார். அந்தக் கோவிலில் அதுவரை எந்தப் பெண்ணும் வாய் திறந்ததில்லை.

"உங்க மண்வெட்டி செஞ்ச காரியத்த ஆண்டவர் தலையில கட்டாதீங்கய்யா" என்றார்.

அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. கோவில் வாசலும் அடைபட்டது. புருஷன் செத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரார் சிரித்தார்கள். அம்மையார் கோவிலின் வெளிச்சுவரோரம், மழையிலும் பனியிலும் மண்டியிட்டார். அவருடைய செபம் இப்போது சண்டையாக இருந்தது. உம்முடைய பெயரைச் சொல்லி ஒருவன் பொய் பேசுகிறான், நீர் ஏன் சும்மா இருக்கிறீர் என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பதில் வராத நாட்களிலும் மறுநாள் அதே இடத்துக்கு வந்தார். கேட்பவர் இருக்கிறார் என்பதில் அவருக்கு ஒருபோதும் ஐயம் எழவில்லை.

வெட்ட வேறு நிலம் இல்லாமற்போனபோது, ரூலோஃபின் கண் கோவிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின்மேல் விழுந்தது. மண்வெட்டி படாத மேட்டு நிலம் அது ஒன்றுதான். அடியில் எட்டடிக் கறுப்பு மண். எலும்புகளை வேறிடத்தில் மரியாதையாக அடக்கம் செய்துவிடலாம் என்றார் அவர். அம்மையார் போய்த் தோட்டத்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். எட்டு நாட்கள் அங்கேயே இருந்தார். ஒன்பதாம் நாள் ஆட்கள் மண்வெட்டிகளோடு வந்தார்கள்.

"எழுந்திருங்கக்கா. நாங்க வெட்டலேன்னா எங்க வீட்டுல உலை ஏறாது" என்றான் முன்னால் நின்ற ஈவெர்ட்.

அம்மையார் எழுந்து வழிவிட்டார். அவர் முகம் சிவந்திருந்தது.

"வெட்டுடா. உங்கம்மா அந்த மூலையில படுத்திருக்கா. அங்கேருந்தே ஆரம்பி."

ஈவெர்ட் அந்த மூலையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். மற்றவர்களும் போய்விட்டார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவருவதாக ரூலோஃப் சூளுரைத்தார்.

அந்த ஆட்கள் வருவதற்குள் புயல் வந்தது. நவம்பர் மாதத்து நண்பகலில் வரப்புகள் ஒவ்வொன்றாய் உடைந்து, குளங்கள் ஒன்றாகி, ஊரே ஏரியாயிற்று. வீடுகள் சாய்ந்தன. மிதந்தும் நடந்தும் வந்தவர்களுக்குக் கல்லறை மேடு ஒன்றே மிஞ்சியது. அம்மையார் இடுப்பளவு நீரில் இறங்கிக் கயிறு வீசி ஒவ்வொருவராய் இழுத்தார். மண் வெட்டுபவனைப்போல் கந்தல் உடுத்திய ஒரு மனிதர் மேட்டில் நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தார். அவர் யாரென்று பார்க்க எவருக்கும் நேரமில்லை.

கடைசியாக ரூலோஃப் வந்தார், ஒரு கதவுப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அம்மையாரின் கை கயிற்றோடு ஒரு கணம் நின்றுவிட்டது. யெல்லேயின் முகம் கண்ணுக்குள் வந்து போயிற்று. பிறகு கயிற்றை வீசினார்.

கரையேறிய ரூலோஃப் நடுங்கியபடி அவர் காலைத் தொட வந்தார். அம்மையார் விலகிக்கொண்டார்.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. சாகவிட ஆண்டவர் சொல்லல, அவ்வளவுதான். என் கோவம் அப்படியேதான் இருக்கு."

அப்போது கயிறு பிடித்த மனிதர் அவரருகே வந்தார்.

"வீப்கே, அது என் கோபம். இத்தனை நாள் நீ சுமந்தாய்" என்றார்.

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். அறிந்துகொண்டார். ஈர மண்ணில் மண்டியிட்டு, கணவர் இறந்த பின் முதன்முறையாக வாய்விட்டு அழுதார். தலை தூக்கியபோது கயிறு மட்டுமே புல்லில் கிடந்தது. மேட்டில் நாற்பத்து மூன்று உயிர்கள் இருந்தன.

இன்று ஆல்டெர்வீன் இல்லை. ஏரி நடுவே புல் முளைத்த ஒரு திட்டுதான் உண்டு. பொய்யை இறைவன் பெயரால் பொறுத்துக்கொள்ளாத அந்த ஏழைப் பெண்மணியின் சினமும் தொண்டே என்று ஏற்றான் எம்பெருமான். அவர் சேறு படிந்த பாதங்களை நாமும் வணங்குவோம்.