புலி ஜெயிக்கிற கதை

மூங்கிலாற்றங்கரைக் காட்டில் ஒரு சருகுமான் இருந்தது. அதன் பெயர் செண்பி. மான் என்றதும் கொம்பையும் துள்ளலையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உதிர்ந்த இலைகளுக்குள் படுத்துக்கொண்டால் மிதித்தால்தான் தெரியும். ஆனால் அது கதை சொல்ல ஆரம்பித்தால் காடே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

தினமும் அந்தியில் ஆற்றோரப் பாறையடியில் கூட்டம் கூடும். கரடி வரும். மந்தி வரும். முயலம்மா தன் குட்டிப் பட்டாளத்தோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொள்ளும். கதை முடியும்வரை யாரும் யாரையும் தின்னக்கூடாது என்பது அங்கே வழக்கம். கதை பிடித்துப்போனால் எல்லோரும் வாலால் தரையைத் தட்டுவார்கள். கரடிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வால் கிடையாது. அது வயிற்றைத் தட்டும்.

எல்லோருக்கும் பிடித்தது பூந்திக்கொட்டைக் கதை. அதில் ஒரு புலி ஒரு முயலைப் பிடித்துவிடும். தின்ன வாயைத் திறக்கும்போது முயல் கேட்கும்:

“ராஜா, உங்க மேல கறுப்புக் கறுப்பா இருக்கே, அதெல்லாம் அழுக்கா?”

“அழுக்கா? அது பிறவியிலேயே உள்ள கோடு!”

“எல்லா அழுக்கும் அப்படித்தான் சொல்லும் ராஜா! சிங்கத்தைப் பாருங்க, ஒரு கோடு உண்டா? அவர் தினமும் குளிக்கிறவர்!”

புலிக்கு மானம் போய்விடும். தேய்த்தால் சோப்பு மாதிரி நுரைக்கும் பூந்திக்கொட்டையைப் பறித்துக்கொண்டு ஆற்றில் இறங்கித் தேய் தேய் என்று தேய்க்கும். நுரை கண்ணில் போய்விடும். கண்ணைத் திறந்து பார்த்தால் கோடு அப்படியே இருக்கும், முயல் இருக்காது.

ஒருநாள் அந்தியில் அந்தக் காட்டின் ராஜாவான பெருவரியன் என்னும் புலி அந்த வழியே போனார். பாறையடியில் சத்தம் கேட்கவே புதருக்குப் பின்னால் நின்று கேட்டார். நுரை கண்ணில் போன இடத்தில் ராஜா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, அந்தப் புலி நாம்தான் என்று!

ஒரே பாய்ச்சலில் கூட்டத்தின் நடுவே வந்து நின்றார். கதை முடிந்துவிட்டதால் வழக்கமும் யாரையும் காப்பாற்றாது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஏய் செண்பி! எந்தப் புலியாவது இவ்வளவு முட்டாளா இருக்குமா?”

“கதைதானே ராஜா...” என்றது செண்பி.

“நேத்து சொன்ன கதையில யார் தோத்தது?”

“புலி, ராஜா.”

“அதுக்கு முந்தின நாள்?”

“அதுலயும்... புலிதான் ராஜா.”

“ஒரு கதையிலயாவது நான் ஜெயிச்சிருக்கேனா?”

செண்பி யோசித்தது. நேர்மையாகவே யோசித்தது.

“இல்லீங்க ராஜா.”

“நிஜத்துல தினமும் நான்தானே ஜெயிக்கிறேன்!” என்று ராஜா கத்தினார்.

“அதனாலதான்...” என்று கரடி முணுமுணுத்தது. நல்ல வேளை, மந்தியின் முதுகுக்குப் பின்னால் இருந்து முணுமுணுத்ததால் ராஜாவின் காதில் விழவில்லை.

ராஜா ஆணை போட்டார். “பௌர்ணமிக்குள்ள புலி ஜெயிக்கிற கதை ஒண்ணு சொல்லணும். அதுக்கும் எல்லாரும் இதே மாதிரி வால் தட்டணும். பயத்துல தட்டுற வாலுக்கும் சந்தோஷத்துல தட்டுற வாலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்! இல்லேன்னா அன்னிக்கு எனக்குச் சாப்பாடு நீதான்!”

இதில் செண்பியின் தப்பு என்ன இருக்கிறது? எனக்கு அந்தச் சருகுமான்மேல் கொஞ்சம் பாசம் உண்டு, மறைக்கப் போவதில்லை. பாவம், அது வீட்டுக்குப் போய்க் கதை கட்ட உட்கார்ந்தது.

மறுநாள் கூட்டம் கூடியது. ராஜா புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்.

“ஒரு காட்டுல ஒரு புலி இருந்துது. ஒரு முயலைப் பார்த்துது. பிடிச்சுது. தின்னுட்டுது,” என்று சொல்லி நிறுத்தியது செண்பி.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“அப்புறம்?” என்றது கரடி.

“அப்புறம் ஒண்ணும் இல்ல. தின்னாச்சு.”

“இதைக் கேக்கவா தேன்கூட்டை விட்டுட்டு வந்தேன்? இதை நாங்க தினமும் பார்க்கிறோமே!”

முயலம்மா குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. வால் தட்டும் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு நரி இருந்தது. கோழி தேடி அடிக்கடி டவுன் பக்கம் போய்வருவதால் எல்லோரும் அதை டவுன் நரி என்பார்கள். டவுனுக்கு வெளியே ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. அதன் கீற்றில் இருந்த கிழிசல் வழியாக நரி ஓசியில் படம் பார்க்கும். அதனால் எல்லாக் கலைகளும் தனக்கு அத்துப்படி என்று அதற்கு நினைப்பு.

“மாயம் பத்தலை தங்கச்சி! அதான் கதை படுத்துடுச்சு,” என்றது நரி. “டவுன் படத்துல கட்டில் பறக்குது, கிளி சோழி உருட்டி ஜோசியம் சொல்லுது. உன் புலியையும் பறக்கவிடு! வாயில தீ வரட்டும்! சனங்க ஆன்னு பார்ப்பாங்க!”

செண்பி அப்படியே செய்தது. அடுத்த நாள் கதையில் புலி பறந்தது. தீயைக் கக்கியது. கடலை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. முதலில் எல்லோரும் ‘ஆ’ என்றார்கள். அடுத்ததற்கு ‘ம்’ என்றார்கள். கடலைக் குடித்தபோது மந்தி பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

“ஏன் மந்தியக்கா, பிடிக்கலையா?” என்று செண்பி கேட்டது.

“அவருக்குத்தான் எல்லாம் முடியுதே, அப்புறம் நான் எதுக்குடி இங்க உட்கார்ந்து கவலைப்படணும்?”

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. குறட்டை! தான் ஜெயிக்கிற கதையைக் கேட்டு ராஜாவே தூங்கிவிட்டார்.

காலையில் ராஜா செண்பியைக் கூப்பிட்டனுப்பினார்.

“கதை நல்லாத்தான் இருந்துது. ஆனா யாரும் வால் தட்டலையே?”

“நீங்க கடைசிவரைக்கும் கேட்டீங்களா ராஜா?”

ராஜா வேறு பக்கம் பார்த்தார். “பௌர்ணமி நாளைக்கு, ஞாபகம் இருக்கட்டும்!” என்று உறுமிவிட்டுப் போனார்.

செண்பி அன்று ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. ஆற்றங்கரையில் சுருண்டு படுத்திருந்தது. டவுன் நரிக்கும் மனசு கேட்கவில்லை. சொன்ன யோசனை பலிக்கவில்லையே என்ற வெட்கத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“டவுன் அண்ணே, நீங்க பார்த்த படத்துல பறக்கிற கட்டில் யார்கிட்ட இருந்துது?”

“ஒரு பொடியன்கிட்ட. எதிரி ஒரு பூதம். பூதத்தோட கட்டைவிரல் உசரம்தான் இருப்பான் அவன்.”

“சனங்க யார் பக்கம்?”

“இதென்ன கேள்வி? பொடியன் பக்கம்தான்!”

“எல்லாருமா அண்ணே? பெரிய ஆளுங்ககூடவா?”

நரி நினைத்துப் பார்த்துச் சிரித்தது. “முன்னாடி நாற்காலியில ஒரு பண்ணையார் உட்கார்ந்திருப்பார். அவர் செருமினா ஊரே நடுங்கும். பூதத்துக்கு இருக்கிற அதே மீசை அவருக்கும்! பூதம் பொடியனைப் பிடிச்சப்போ மனுஷன் நாற்காலி நுனிக்கே வந்துட்டார். பூதம் விழுந்ததும் துண்டைச் சுழட்டிட்டு அவர் போட்ட விசில்தான் பெரிய விசில்!”

“அவர் ஏன் பூதம் பக்கம் இல்ல?”

“தான் பூதம்னு அவருக்கு எப்படித் தெரியும்? கொட்டகை இருட்டுல அவரும் ஒரு பொடியன்தானே தங்கச்சி!”

செண்பி எழுந்து உட்கார்ந்தது. ரொம்ப நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு வீட்டுக்குப் போயிற்று.

பௌர்ணமி வந்தது. ராஜா இந்தத் தடவை புதருக்குப் பின்னால் ஒளியவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்தார். செண்பியைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காடே திரண்டு வந்திருந்தது.  செண்பி பாறைமேல் ஏறி நின்றது.

“ஒரு காட்டுல ஒரு புலிக்குட்டி இருந்துது. அதுக்கு உறுமத் தெரியாது.”

“என்னது?” என்று ராஜா எழுந்தார்.

“கதை முடியட்டும் ராஜா,” என்றது செண்பி. ராஜா வழக்கத்தை மதித்து உட்கார்ந்தார்.

“வாயைத் திறந்தா ‘ம்யா’ன்னுதான் சத்தம் வரும். ஒருநாள் அதோட அம்மா இரை தேட ஆத்துக்கு அந்தப் பக்கம் போச்சு. நல்ல மழை. ஆத்துல வெள்ளம். அம்மா திரும்பி வரலை. குட்டி தனியாப் பாறை இடுக்குல ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்துது. அப்போ செந்நாய்க் கூட்டத்துக்கு அதோட வாசனை தெரிஞ்சுபோச்சு.”

முயல்குட்டிகள் அம்மாவோடு ஒட்டிக்கொண்டன.

“குட்டி யானைகிட்டப் போய், ‘உங்க பிளிறலை இரவல் குடுங்க’ன்னு கேட்டுது. ‘அது உன் தொண்டைக்குள்ள நுழையாதேப்பா’ன்னுச்சு யானை. மயில்கிட்டக் கேட்டுது. ‘என் குரலுக்கு மழைதான் வரும், நாய் ஓடாது’ன்னுச்சு மயில். கடைசியில குட்டி வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டுது: ‘இடி மாமா! இடி மாமா! ஒரே ஒரு உறுமல் இரவல் குடுங்க! காலையில திருப்பிக் குடுத்துடறேன்!’ இடி கேட்டுது: ‘இத்தனூண்டு இருக்கே, உனக்கு எதுக்கு உறுமல்?’ குட்டி சொல்லுச்சு: ‘அம்மா வர்ற வரைக்கும் நான் உசிரோட இருக்கணும் மாமா.’”

“குடுத்துடு மாமா!” என்று ஒரு முயல்குட்டி கத்திவிட்டது. யாரும் அதை அடக்கவில்லை.

“இடிக்கு மனசு இளகிப்போச்சு. இருந்ததுலயே சின்ன உறுமலாப் பார்த்துக் கீழே உருட்டிவிட்டுது. குட்டி அதைக் கவ்வி முழுங்கிட்டுது. செந்நாய்ங்க வந்து சுத்தி நின்னுது. குட்டி வாயைத் திறந்துது. ‘ம்யா’!”

“ஐயோ!” என்று கூட்டம் அலறியது.

“நாய்ங்க விழுந்து விழுந்து சிரிச்சுது. ஒரு நாய் பாறைமேல கால் வச்சுட்டுது...”

செண்பி மூச்சு வாங்க நிறுத்தியது. ராஜாவின் நகங்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன.

“அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு? சொல்லேன்!”

“குட்டிக்கு அழுகை வந்துடுச்சு ராஜா. யாரையும் பயமுறுத்த அது நினைக்கலை. ‘அம்மா!’ன்னுதான் கத்துச்சு. அதோட சேர்ந்து வந்துது பாருங்க உறுமல்! பாறை ஆடுச்சு! மூங்கில் சாஞ்சுது! செந்நாய்ங்க வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடின ஓட்டத்துல ஒண்ணும் திரும்பிப் பார்க்கலை! வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்கு அது கேட்டுடுச்சு. ‘என் குட்டி!’ன்னு ஆத்துல குதிச்சு நீந்தி வந்துட்டா. காலையில குட்டி வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து உறுமலைத் திருப்பிக் குடுத்துது. ஒரு துண்டு மட்டும் தொண்டையில மாட்டிக்கிச்சு. ‘இருக்கட்டும், வச்சுக்கோ’ன்னுட்டார் இடி மாமா. அதுதான் புலிங்ககிட்ட இருக்கிற உறுமல். இடி இடிச்சா இன்னிக்கும் புலி தலையைத் தூக்கிப் பார்க்கும், மாமா கூப்பிடறாரோன்னு.”

 முயலம்மா முன்னங்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“பாவம் பிள்ளை! அம்மா வந்துட்டாளே, அது போதும்!”

ஒரு புலிக்காக ஒரு முயல் அழுததை அந்தக் காடு அன்றுதான் பார்த்தது. அடுத்த நொடியில் எல்லா வால்களும் தரையைத் தட்டின. கரடி தட்டிய தட்டில் அதன் வயிறு வீங்கிப்போயிருக்கும். தன் வாலும் தரையை அடித்துக்கொண்டிருப்பது ராஜாவுக்கே தெரியவில்லை.

“செண்பி,” என்று ராஜா மெதுவாகக் கேட்டார். “வெள்ளத்துல நீந்தினாளே, அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்ணும் ஆகலை ராஜா. குட்டியைக் கழுத்துல கவ்விக்கிட்டுப் பத்திரமாக் குகைக்குப் போயிட்டா.”

“இதெல்லாம் நிஜமா நடந்ததா?”

செண்பி தயங்கியது. பொய் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அதற்கு மனசு வரவில்லை.

“இல்ல ராஜா. நேத்து நானா கட்டினது.”

“அது எனக்கும் தெரியும்,” என்றார் ராஜா. “இருந்தாலும் கேட்டேன். இனிமே உன் கதையில யார் வேணும்னாலும் ஜெயிக்கட்டும். உன்மேல ஒரு நகம் படாது. நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிப்பே?”

அப்போது மேற்கு மலைக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் இடி உருண்டது. நேற்றுக் கட்டிய கதை என்று தெரிந்திருந்தும் ராஜா சட்டென்று தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் முயல்குட்டிகளும் அவரோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தன.

கதை கேட்கும்போது எவ்வளவு பெரியவரும் சின்னப் பிள்ளையாகிவிடுகிறார். அதனால்தான் பொய்யென்று தெரிந்த மாயக் கதைகளுக்கும் உலகத்தில் என்றும் மவுசு குறைவதில்லை.